வேண்டுதல் இல்லைங்க

ஏற்காட்டில் ஜூலை மாதம் துணி காயாது. கொடியில் போட்ட சட்டையை மூன்று நாள் கழித்து எடுத்தாலும் போட்ட அன்றைய ஈரம் அப்படியே இருக்கும். பூஞ்சை வாசனை மட்டும் கூடியிருக்கும். அப்படிப்பட்ட மலையில், நானூற்று இருபது பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில், எந்தப் பிள்ளைக்கும் ஈரச் சட்டையோ இன்னொரு பிள்ளையின் சட்டையோ போகாமல் பார்த்துக்கொண்ட ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரை எழுதப் போவதில்லை. அவரிடம் கேட்காமல் எழுதினால் தப்பு. கேட்டால் “எதுக்குங்க?” என்பார், எனக்குப் பதில் தெரியாது. பள்ளியில் எல்லோருக்கும் அவர் லாண்டரியக்கா. அப்படியே இருக்கட்டும்.

நான் அங்கே ஒன்பது வருடம் அலுவலகக் கிளார்க். சேலத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி மலையேறியவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் மாமியார் சொல்வார். கொஞ்சம் என்று சொன்னதே அவருடைய பெருந்தன்மை. லாண்டரியக்கா எனக்கு நேர் எதிர். ஒரு நாளைக்கு இருபது வாக்கியம் பேசினால் அதிகம். ஆனால் அந்த இருபதில் ஒன்றைக்கூட யாரும் மாற்றிவிட முடியாது.

லாண்டரி, விடுதிக்குப் பின்னால் பாய்லர் அறையை ஒட்டி இருந்தது. பள்ளியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர் உண்டு. வெள்ளை நாடாவில் சிவப்பு நூலால் அந்த நம்பரைத் தைத்து, சட்டைக் காலரில் தொடங்கிக் கைக்குட்டை வரை பிடித்திருப்பார்கள். பாய்லர் சூட்டில் காய்ந்த துணிகளை நம்பர் பார்த்து, சுவர் நிறைய அடித்திருந்த மர அறைகளில் பிரித்துப் போட வேண்டும். மற்றவர்கள் காலரைத் திருப்பி நம்பரைத் தேடுவார்கள். அக்கா திருப்பவே மாட்டார். கையில் எடுத்த மாத்திரத்தில் அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிடும். எப்படி அக்கா என்று ஒரு முறை கேட்டேன். “எல்லாம் வேற வேறயா இருக்குதுங்களே” என்றார். எனக்கு நானூறு வெள்ளைச் சட்டையும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

“மேடம், எரநூத்திப் பதினேழு வளந்துட்டாருங்க. பேண்ட் மடிப்ப மூணு தடவ பிரிச்சாச்சு, இனிமேப் பிரிக்க மடிப்பு இல்ல. ஊட்டுக்குக் காயிதம் போட்ருங்க.” இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், எனக்குப் பின்னால் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பார். இருநூற்றுப் பதினேழு ஆறாம் வகுப்புப் பையன். அவனுக்கும் ‘ருங்க’தான். பாய்லர் அறையில் குளிர்காய வரும் நாய்க்கும் “அந்தப் பக்கம் படுங்க” என்பார்.

பொய் என்பது அவருக்கு வராது. ஒழுக்கத்தால் வராதது வேறு. இவருக்கு அது ஒவ்வாத சாப்பாடு மாதிரி, உள்ளே போனால் வெளியே வந்துவிடும். ஒரு முறை அவர் வராத நாளுக்கு, பாவம் என்று நான் வருகைப் பதிவேட்டில் வந்ததாகப் போட்டுவிட்டேன். மறுநாள் வந்து நின்றார். “நான் நேத்து வரலைங்களே.” தெரியும் அக்கா, பரவாயில்லை விடுங்க என்றேன். “வராதவ வந்ததா இருக்குதுங்க. அத மாத்திருங்க.” மாற்றும்வரை நகரவில்லை. ஆண்டு விழாவில் பிரின்சிபால் சிஸ்டர் மேடையில் இருந்து, “இருபது வருடமாக நமக்காக உழைக்கும் லாண்டரியக்கா” என்று புகழ்ந்தபோது, கடைசி வரிசையில் மஞ்சள் சேலை ஒன்று எழுந்து நின்றது. “பதினெட்டு வருசமும் நாலு மாசமுமுங்க, சிஸ்டர்.” கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை, திருத்திவிட்ட நிம்மதியில் உட்கார்ந்தார்.

இப்படிச் சொன்னால் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாகச் சேரும் சின்னப் பிள்ளைகள் முதல் மாதம் வீட்டு ஏக்கத்தில் படுக்கையை நனைத்துவிடும். அந்த விரிப்புகளை எல்லாம் காலையில் வந்ததும் முதல் வேலையாகத் துவைத்து, பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் கட்டிலில் விரித்துவிடுவார். ஒரு வார்டன் வந்து, யார் யார் நனைக்கிறார்கள், பட்டியல் கொடுங்கள் என்று அதட்டினார். வேறு யாராக இருந்தாலும் தெரியாது என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். அக்கா சொன்னது: “தெரியுமுங்க. சொல்ல மாட்டேனுங்க.” வார்டன் எத்தனை கத்தியும் அந்த இரண்டு வாக்கியத்தையே திருப்பிச் சொன்னார்.

இனி, வேண்டுதல் கதைக்கு வருகிறேன்.

அக்காவிடம் ஆறு சேலைகள் இருந்தன. ஆறும் ஒரே மஞ்சள். காலில் செருப்பு கிடையாது, டிசம்பர் குளிரிலும். தலையில் பூ கிடையாது. மதியம் தயிர்சோறு மட்டும், அதையும் தனியே உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவார். இத்தனையும் சேர்ந்தால் நம் ஊரில் என்ன அர்த்தம்? வேண்டுதல். சாமிக்கு நேர்ந்துகொண்டு விரதம் இருக்கிறார் என்றுதான் அர்த்தம். அவர் வரும் வாழவந்தி கிராமத்துப் பஸ்ஸில் அவருக்கென்று ஜன்னலோர சீட்டு ஒன்று காலியாகவே வரும்; யாரும் உட்கார மாட்டார்கள். கண்டக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

எங்கள் சமையலம்மாவுக்கு இதில் பெரிய நம்பிக்கை. “அது சேர்வராயன் சாமிக்கு நேந்துக்கிட்டது கண்ணு. இல்லாட்டி இத்தன வருசம் ஒருத்தி இப்புடி இருப்பாளா?” என்பார். தன் மகளுக்குக் குழந்தை தங்கவில்லை என்று அக்காவிடம் போய், எனக்கும் சேர்த்து வேண்டிக்க சாமி என்று கண்கலங்கினார். அக்கா வழக்கம்போல, “வேண்டுதல் இல்லைங்க” என்றார். சமையலம்மா வெளியே வந்து என்னிடம் கிசுகிசுத்தார்: “பாத்தியா, வெளிய சொன்னாப் பலிக்காதுன்னு எவ்வளவு கெட்டியா இருக்கறான்னு!” மே மாதத் திருவிழாவுக்கு மலை மொத்தமும் சேர்வராயன் கோவிலுக்குத் திரண்டு போகும்போது அக்கா மட்டும் போக மாட்டார். மேளச் சத்தம் ஆகாது. அதற்கும் ஜனங்கள் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்: வேண்டுதல் நிறைவேறும்வரை கோவில் படி மிதிக்க மாட்டாராம்!

ஏன் அக்கா ஆறும் மஞ்சள் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். “அன்னைக்குக் கடையில ஒடம்புல குத்தாத சேல அது ஒண்ணுதானுங்க இருந்துச்சு. ஆறு வாங்கிட்டேன்.” அவ்வளவுதான். சாமிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உண்மைக் காரணம் எங்களுக்குத் தெரியவந்தது ஒரு போட்டோவால். ஆசிரியர்களுக்கு ஏதோ பயிற்சி என்று வெளியூரில் இருந்து மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மா ஒருவர் வந்திருந்தார். அரங்கத்தில் பாதி நாற்காலி காலி. போட்டோவில் நன்றாக இருக்காது என்று சமையல், லாண்டரி, அலுவலகம் எல்லோரையும் பின்வரிசையில் கொண்டுபோய் நிரப்பினார்கள். நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலையில் தேர்ந்தவள், தூங்கினேன். அந்த அம்மா ஆட்டிசம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம். முடிவில் பக்கத்தில் அக்காவின் கை உயர்ந்தது. “இது பெரியவங்களுக்கும் இருக்குமுங்களா?” இருக்கும் என்றார் அவர். “அப்ப எனக்கு இருக்குதுங்களான்னு எங்க போய்ப் பாக்கோணும்?”

சேலத்தில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். அக்கா தன் அண்ணனையும் அழைத்துக்கொண்டு மூன்று முறை மலையிறங்கிப் போய்வந்தார். ஆறு பக்கம் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் வந்தது. அதைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். முதல் வரியில் ஆட்டிசம் என்று பார்த்ததும் நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கே அருகதை இல்லாதவள் ஆவேன்.

“ஏனக்கா, இது சின்னப் புள்ளைங்களுக்கு வர்றதுங்க. உங்களுக்கு எதுக்கு?”

“எதுக்குன்னு டாக்டர் சொல்லலைங்க. மேல படிங்க.”

படித்தேன். சத்தம் ஆகாதது, துணி உடம்பிலும் செருப்பு காலிலும் உறுத்துவது, பேசும்போது முகம் பார்க்க முடியாதது, ஒரே சாப்பாடு, எல்லாம் வரிசையாக இருந்தது. படிக்கப் படிக்க என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. நாலாம் பக்கத்தில் அண்ணன் சொன்னது இருந்தது. சின்ன வயதில் திருவிழாவுக்குத் தூக்கிப் போனால் மேளம் கேட்டு மூச்சை அடக்கிவிடுவாள், அடம் பிடிக்கிறாள் என்று அடிப்போம். அதற்குக் கீழே, அது அடம் அல்ல, அவரால் தாங்க முடியாத வலி என்று டாக்டர் எழுதியிருந்தார்.

“அடம் இல்லைன்னு போட்டிருக்குதுங்களா?”

“போட்டிருக்கு அக்கா.”

“அந்த வரிய மறுபடி படிங்க.”

மூன்று முறை படிக்கச் சொன்னார். அவர் அழவில்லை. நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு, மேசையில் ஃபைல் தேடுவது மாதிரி பாவனை செய்தேன். நாற்பத்தொரு வயது அப்போது அவருக்கு. வீட்டில் அடம் என்றார்கள், ஊரில் அடக்கம் என்றார்கள், பஸ்ஸில் வேண்டுதல் என்றார்கள். முதல் முறையாக ஒரு காகிதத்தில் சரியானது இருந்தது.

அடுத்த வருடம் புது அட்மினிஸ்ட்ரேட்டர் வந்தார். சேலத்தில் ஏதோ கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பாய்லரைப் பழுது பார்த்தார், எங்கள் மகளிர் கழிவறைக்குக் கதவு போட்டார். ஆனால் எதையும் தான் அறிந்த அளவுக்குள்தான் நம்புவார். சாப்பாட்டுக் கூடத்தில் ஆள் பற்றவில்லை என்று, ஆசிரியர் அல்லாத எல்லோரும் முறைபோட்டு மதியம் பரிமாற வேண்டும் என்று உத்தரவு போட்டார். எனக்குச் செவ்வாய்க்கிழமை ரசம். அக்காவுக்குத் திங்களும் வியாழனும் சாம்பார்.

தகரக் கூரை போட்ட கூடம். நானூற்று இருபது எவர்சில்வர் தட்டு, நானூற்று இருபது டம்ளர், நானூற்று இருபது வாய். எனக்கே தலை வலிக்கும். முதல் திங்கள் அக்கா வாளியோடு நின்றார். சாம்பார் தட்டுக்குப் போகாமல் தரையில் சிந்தியது. வியாழக்கிழமை பாதியில் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். தேடிப் போனேன். துணி காயும் அறையில், தொங்கும் விரிப்புகளுக்கு நடுவில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. “பேசாதீங்க” என்றார். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த மிக நீளமான நேரம் அதுதான்.

மறுநாள் என்னிடம் வந்து மனு எழுதச் சொன்னார். எனக்கு ஆட்டிசம் இருக்கிறது, சாப்பாட்டுக் கூடத்தில் நிற்க முடியாது, அந்த நேரத்துக்கும் லாண்டரி வேலையே செய்கிறேன். மூன்று வரி. கூடவே ஆறு பக்க ரிப்போர்ட்.

அட்மினிஸ்ட்ரேட்டர் அதைப் படித்துவிட்டு விசாரணை என்று கூட்டினார். அவர் அறையில் அவர், பிரின்சிபால் சிஸ்டர், அக்கா, சாட்சிக்குச் சமையலம்மா, குறிப்பெடுக்க நான்.

“ஏம்மா, ஆட்டிசம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? என் அக்கா பையனுக்கு இருக்கு. இருபது வயசாகுது, ஒரு வார்த்தை பேச மாட்டான். எங்கக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும். நீங்க நானூறு நம்பர மனப்பாடமா ஒப்பிக்கறீங்க. உங்களுக்கும் அவனுக்கும் ஒரே பேரா?” அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அது நடிப்பில்லை.

“அவருக்கு இருக்கறது அவருக்குங்க. எனக்கு இருக்கறது எனக்குங்க. ரெண்டும் அந்தப் பேருலதான் இருக்குதுன்னு டாக்டர் சொன்னாருங்க.”

“கண்ணைப் பாத்துப் பேச மாட்டாங்கன்னு எழுதியிருக்காரு. நம்ம ஊர்ப் பொம்பளைங்க எத்தன பேரு ஆம்பள கண்ணப் பாத்துப் பேசறாங்க? அது அடக்கம். நல்ல வளர்ப்பு. அதுக்குப் போய் வியாதிப் பேரு வெக்கறதா?”

“நான் பொம்பளைங்க கண்ணையும் பாக்கறதில்லைங்க” என்றார் அக்கா, மேசையில் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தபடி. “நாயையும்.”

அட்மினிஸ்ட்ரேட்டர் சமையலம்மாவைக் கேட்டார். அந்த மனுஷி நல்லதுதான் செய்ய நினைத்தார். “வியாதியெல்லாம் ஒண்ணுமில்லீங்க சாமி. அது தங்கமான பொண்ணு. வேண்டுதலுங்க. மஞ்சச் சேல, வெறுங்காலு, தயிர்சோறு, பாக்கறீங்கல்ல? வெளிய சொல்லக் கூடாதுன்னு இருக்கறா.”

அட்மினிஸ்ட்ரேட்டர் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு விளங்குகிற காரணம் ஒன்று கிடைத்துவிட்டது. “அப்படிச் சொல்லுங்க! இது கிறிஸ்தவப் பள்ளிக்கூடந்தான், இருந்தாலும் மத நம்பிக்கைக்கு இங்க மரியாதை உண்டு. என்ன சிஸ்டர்? வேண்டுதல், விரதம் இருக்கேன், அசைவம் பரிமாறுற இடத்துல நிக்க முடியாதுன்னு எழுதிக் கொடுங்க. இந்த நிமிஷமே விலக்கு தர்றேன். ஆனா ஆட்டிசம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தேன். சரின்னு சொல்லுங்க அக்கா, சொல்லித் தொலைங்க என்று மனதுக்குள் கத்தினேன். ஒரே ஒரு கையெழுத்து. அந்தக் கூடத்துக்கு இனிப் போக வேண்டாம். ஊரே பதினெட்டு வருடமாக நம்பும் பொய், அதுவும் அவர் சொல்லாத பொய்.

“வேண்டுதல் இல்லைங்க.”

“அட, பேருக்குத்தானம்மா.”

“வேண்டுதல்னா ஒரு நாளைக்கு முடியோணுமுங்க. நேந்தது நடந்துட்டா மஞ்சச் சேலையக் கழட்டோணும், செருப்புப் போடோணும், பூ வெக்கோணும். எனக்கு இருக்கறது முடியறது இல்லைங்க. பொறந்ததுல இருந்து இருக்குது, சாகற வரைக்கும் இருக்கும். எப்பம்மா முடியுதுன்னு நீங்க கேப்பீங்க. நான் என்னன்னு சொல்றது?”

சமையலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விலக்கு கொடுத்துவிடுங்கள் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அட்மினிஸ்ட்ரேட்டர் எனக்கு டிக்டேட் செய்தார். மனிதாபிமான அடிப்படையில், சிறப்புக் கருணையுடன் விலக்கு அளிக்கப்படுகிறது. நான் டைப் செய்து, ஓடிப்போய் அக்காவிடம் கொடுத்து, படித்தும் காட்டினேன். சந்தோஷத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் காகிதத்தை என்னிடமே நீட்டினார்.

“இதுல காரணம் இல்லைங்க.”

“காரணம் எதுக்கக்கா? விலக்குதான் கெடச்சுடுச்சே!”

“இரக்கம் அவரோடதுங்க. அவரு போனாக் கூடவே போயிரும். அடுத்தவரு வந்தா மறுபடி வாளியத் தூக்கோணும். எனக்கு இருக்கறது எதுவோ அத எழுதச் சொல்லுங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்களுக்குப் பிழைக்கத் தெரியலக்கா என்று கத்தினேன். “தெரியலைங்க” என்று ஒத்துக்கொண்டார்.

திருப்பி வந்த உத்தரவைப் பார்த்து அட்மினிஸ்ட்ரேட்டர் கொதித்தார். கருணை வேண்டாம் என்றால் சட்டம்தான் என்றார். அக்காவை லாண்டரியில் இருந்து எடுத்து முழு நேரமும் சாப்பாட்டுக் கூடத்தில் போட்டார். மூன்று வேளையும். லாண்டரிக்குத் தோட்ட வேலையில் இருந்து இரண்டு பேர் போனார்கள்.

அக்கா போனார். போக மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, உத்தரவு இருக்கிறதே. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, உதட்டுக்குள் எதையோ சொல்லிக்கொண்டு கரண்டியோடு நிற்பார். பிள்ளைகளின் நம்பர்தான் அது என்று பிறகு தெரிந்தது. ஒன்றில் இருந்து நானூற்று இருபது வரை, திரும்பவும் ஒன்றில் இருந்து. வேளை முடிந்ததும் ஒரு மணி நேரத்துக்கு அவரால் வாய் திறக்க முடியாது. பத்து நாளில் பாதி ஆளாகிவிட்டார். சமையலம்மா என்னிடம் வந்து அழுதார். “நாந்தான் கெடுத்துட்டேன் கண்ணு. வேண்டுதல்னு நாந்தான சொன்னேன். அவ அன்னைக்கே இல்லைன்னு சொன்னா, என்ற காதுலதான் ஏறல.” அன்றிலிருந்து சமையலம்மா, சத்தம் குறையட்டும் என்று தட்டு வைக்கும் மேசைகளில் எல்லாம் பழைய கோணிச்சாக்கை விரித்துப் போட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அதற்குள் லாண்டரி கவிழ்ந்துவிட்டது. தோட்டக்காரர்கள் பாவம், எட்டையும் மூன்றையும் பிரித்துப் பார்ப்பதற்குள் பொழுது போய்விட்டது. மாதத்தின் கடைசி ஞாயிறு பெற்றோர் வரும் நாள். மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று பேண்டை நான்கு மடிப்பு மடித்துக்கொண்டு வந்து நின்றது. பன்னிரண்டாம் வகுப்புத் தடியன் ஒருவனுக்கு ஸ்வெட்டர் தொப்புளோடு நின்றுவிட்டது. சேலத்து அம்மா ஒருவர், இது என் மகள் பாவாடையே இல்லை என்று அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நான் மிகவும் வருத்தப்படுவது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குத் தீபாவளி.

திங்கட்கிழமை அக்காவைப் பற்றி மூன்றாவது உத்தரவு. லாண்டரிப் பணிக்கு இவர் இன்றியமையாதவர் என்பதால் பரிமாறும் பணியில் இருந்து நிரந்தர விலக்கு. நிரந்தரம்! அட்மினிஸ்ட்ரேட்டர் அதைத் தன் தோல்வியாக நினைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நான் நினைத்தேன். அக்கா படிக்கச் சொல்லிக் கேட்டார். திருப்பிக் கொடுத்தார்.

“அக்கா!”

“துணி கலைஞ்சது வேறங்க, இது வேறங்க. நாளைக்கு எனக்குக் கை வெளங்காமப் போச்சுன்னு வெச்சுக்கங்க. நம்பர் மறந்து போச்சு. அப்ப நான் வேண்டாதவ ஆயிருவேன். அப்பவும் எனக்குச் சத்தம் ஆகாதுங்களே.”

இந்த முறை நான் கத்தவில்லை. சாமிக்காக, இரக்கத்துக்காக, வேலைத் திறமைக்காக என்று மூன்று வழி காட்டினோம். மூன்றும் எங்கள் வசதிக்கானவை. அவர் தனக்கென்று கேட்டது ஒரே ஒரு சொல். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சிஸ்டர் அறைக்குப் போனேன். அக்கா சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன். சிஸ்டர் அட்மினிஸ்ட்ரேட்டரைக் கூப்பிட்டு, “டாக்டர் என்ன எழுதியிருக்கிறாரோ அதையே எழுதிக் கொடுங்கள்” என்றார்.

நான்காவது உத்தரவை அட்மினிஸ்ட்ரேட்டர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். இவருக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவ அறிக்கை உறுதி செய்வதால், இரைச்சல் மிகுந்த இடங்களில் இவருக்குப் பணி ஒதுக்கக் கூடாது. ஒன்பது வருடத்தில் எத்தனையோ ஆயிரம் கடிதம் அடித்திருக்கிறேன். பெருமையாக அடித்தது அது ஒன்றுதான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

அக்காவை அறைக்கு வரவழைத்துக் கொடுத்தார். அக்கா எழுத்துக் கூட்டி, தானே படித்தார். அந்தச் சொல் வந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டு திரும்பினார். அட்மினிஸ்ட்ரேட்டருக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, உண்மையச் சொல்றேன். எனக்கு இன்னும் நம்பிக்கை வரல, தெரியுமா?”

அக்கா கதவருகில் நின்றார். கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தபடி சொன்னார்.

“நீங்க நம்போணும்னு நான் கேக்கலைங்க. எழுதோணும்னுதானுங்க கேட்டேன்.”

போய்விட்டார். நான் என்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தேன். என்னம்மா, எதுக்கு நிக்கறீங்க என்றார் அட்மினிஸ்ட்ரேட்டர். ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.